நாலாம் கிணற்றின் அளவு

மாணவியர் விடுதி, செங்கல்பட்டு
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சிநேகா எழுதுகிறேன். நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்று ஃபோனில் சொன்னதையே மறுபடி எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். ஸ்காலர்ஸ் திட்டத்தில் என் பெயர் வந்துவிட்டது. இறுதியாண்டு பொறியியல் மாணவர்கள் அறுநூறு பேரில் முப்பது பேரை எடுத்திருக்கிறார்கள். சிவிலில் நான்கே பேர். ஏப்ரலுக்குள் ஓர் ஆராய்ச்சியைச் செய்து முடிக்க வேண்டும். முடித்தால் பட்டத்தில் 'ஸ்காலர்' என்று அச்சிடுவார்கள். துறைக்கு ஒருவருக்கு மட்டும் மேற்படிப்பு ஆராய்ச்சியில் நேரடி இடம் உண்டு. அந்த இடம் எனக்கு வேண்டும் அப்பா.

இதில் ஒரு விநோதமான விதி இருக்கிறது. தான் செய்வதைப் பொறியியல் தெரியாத ஒருவருக்குக் கையால், தாய்மொழியில், கடிதமாக எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். ஃபோனில் சொன்னால் கணக்கில்லை. அவர் எழுதும் பதிலும் ஃபைலில் சேர வேண்டும். என் வழிகாட்டி பிரபா மேடம் இரண்டையும் படிப்பார். நான் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வேலை இதுதான். நம் ஊரில் கடலின் உப்பு நிலத்துக்கடியில் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடலிலிருந்து ஏரி வரை வரிசையாக ஐந்து கிணறுகள்: தென்னந்தோப்பு, சர்ச், பள்ளிக்கூடம், ஜெகதீசன் அண்ணன் நிலம், ஏரிக்கரை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஆறு மணிக்கு, யாரும் மோட்டார் போடுவதற்கு முன்னால், கயிற்றில் பாட்டிலைக் கட்டித் தண்ணீருக்குள் பத்தடி ஆழம் இறக்கி எடுத்து, உப்பு அளக்கும் மீட்டரை முக்கி எண்ணை எழுத வேண்டும்; எண் கூடினால் உப்பு கூடுதல். இதையும் நீங்கள்தான் செய்ய வேண்டும். நாலாவது கிணறுதான் முக்கியம். உப்பின் எல்லை அதற்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதுதான் என் கேள்வியே.

அம்மாவிடம் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்பு மகள்
சிநேகா

*

ஓடைமேடு, கடப்பாக்கம் வழி
13 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் சிநேகாவுக்கு அப்பா ஏசுபாதம் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத் தெரிவிக்கவும். முழங்கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வலியும் அதை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது.

பொறியியல் தெரியாத ஆள் ஒருவர் வேண்டும் என்றதும் என் ஞாபகம் வந்ததே, அதற்கு நன்றி. பத்தாம் வகுப்பை இரண்டாம் முறை எழுதித் தாண்டியவன் நான். பத்தொன்பது வருஷமாகப் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டர். வால்வை இடப்பக்கம் திருகினால் தண்ணீர் வரும், வலப்பக்கம் திருகினால் சண்டை வரும். எனக்குத் தெரிந்த இன்ஜினியரிங் இவ்வளவுதான்.

பஸ்ஸில் கொடுத்தனுப்பிய மீட்டர் வந்து சேர்ந்தது. பழகிக்கொள்ள வேண்டுமே என்று வீட்டிலேயே ஆரம்பித்தேன். குடத்துத் தண்ணீர், டீ, கஞ்சி என்று போய் ரசத்தில் விட்டேன். எண் ஏறிக்கொண்டே போய், இதற்கு மேல் என்னால் முடியாது என்று கண்ணை மூடிக்கொண்டது. அம்மா பார்த்துவிட்டாள். "ரசத்துல உப்பு கீதான்னு பாக்கறதுக்கா மீட்டரு? என் நாக்கு இன்னாத்துக்கு கீது?" என்றாள். இதை மேடத்துக்கு எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

போன சனிக்கிழமை முதல் அளவு எடுத்தேன். ஜெகதீசனிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். "வா அண்ணாத்த, பாப்பா படிப்புக்குத்தான? ஒரு கெணறு இன்னா, இன்னொன்னு தோண்டியே தரேன்" என்றான். இனி எண்கள்: தோப்பு 1920. சர்ச் 1410. பள்ளிக்கூடம் 1130. ஜெகதீசன் நிலம் 840. ஏரிக்கரை 610.

மேடம் படிப்பார்கள் என்பதால் ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். தப்பு ஏதாவது இருந்தால் மீட்டருடையது.

உன் அப்பா
மா. ஏசுபாதம்

*

செங்கல்பட்டு
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம் என்று கடிதத்தின் சிரிப்பிலேயே தெரிகிறது. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். மேடம் ரசத்தைப் படித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

விளக்கம் எழுத வேண்டிய முறை என்னுடையது. நிலத்துக்கடியில் நல்ல தண்ணீர் கனம் குறைவு, கடல் தண்ணீர் கனம் அதிகம். அதனால் நல்லது மேலே மிதக்கிறது, உப்பு அடியில் காத்திருக்கிறது. மேலே நாம் மோட்டார் வைத்து உறிஞ்ச உறிஞ்ச, அது கீழிருந்து ஏறி வரும். ஊரில் யார் எவ்வளவு உறிஞ்சுகிறார்கள் என்பதும் அதனால் எனக்கு வேண்டும். எண்களை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு கிணற்றிலும் என்ன பார்த்தீர்கள், யார் இருந்தார்கள் என்றும் எழுதுங்கள் அப்பா.

ஐந்து வாரத்து எண்களும் வந்தன. சீராக இருக்கின்றன. மேடம் சொன்னார்: "உங்க அப்பா மாதிரி ஒழுங்கா அளவெடுக்கிற ஆள் எனக்கு நாலு பேர் வேணும்."

ஜெகதீசன் அண்ணனின் தாயார் சாரதாம்பாள் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஜெகதீசன் அண்ணனுக்கும் நன்றி சொல்லுங்கள்.

அன்புடன்
சிநேகா

*

ஓடைமேடு
6 அக்டோபர் 2024

அன்பு மகள் சிநேகாவுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சளி பிடித்து, அதை எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் தேறிக்கொண்டாள்.

கேட்டபடி ஒவ்வொரு கிணறாக எழுதுகிறேன்.

தோப்புக் கிணற்றில் தண்ணீரை விட மட்டைதான் அதிகம். பாட்டில் போய் மட்டை மேல் உட்கார்ந்துகொள்கிறது. தோப்புக் காவல்காரர் துரை தினமும் அந்தத் தண்ணீரில்தான் பல் விளக்குகிறார். "உப்பு போட்டுத் தேய்க்கறவன் ஊர்ல எத்தினி பேரு? எனக்கு ஓசில கெடைக்குது" என்கிறார். மோட்டார் ஒன்று, காலை இரண்டு மணி நேரம் ஓடுகிறது.

சர்ச் கிணற்றில் ஒரு ஆமை இருக்கிறது. கயிறு இறங்கினதும் மேலே வந்து பார்க்கும். நான் சாமி கும்பிட வந்த நேரத்தை விட அளவெடுக்க வந்த நேரம் அதிகமாகிவிட்டது என்று பாஸ்டர் அய்யா சபையிலேயே சொல்லிக் காட்டிவிட்டார். மோட்டார் கிடையாது.

பள்ளிக்கூடக் கிணற்றுக்கு வலை போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சத்துணவு ஆயா சந்திரம்மாவிடம்தான் சாவி. ஆறு மணிக்குச் சாவி கேட்டால் அவர் முகத்தில் எவ்வளவு உப்பு என்று அளக்க மீட்டரில் இடமில்லை.

நாலாவது, ஜெகதீசன் நிலம். 842. நன்றாக இருக்கிறது.

ஏரிக்கரைக் கிணற்றில் போன வாரம் ஒரு செருப்பு மிதந்தது, இந்த வாரம் அதன் ஜோடி. முழு விவரம் கிடைத்ததும் எழுதுகிறேன்.

சாரதாம்பாள் அம்மா உன்னை விசாரித்தார்கள். எண்கள் தனித் தாளில் இருக்கின்றன.

உன் அப்பா
ஏசுபாதம்

*

ஓடைமேடு
12 டிசம்பர் 2024

அன்பு மகளுக்கு அப்பா எழுதியது. நீ பரீட்சையில் இருப்பதால் பதில் வராததில் வருத்தமில்லை. நாங்கள் கர்த்தர் புண்ணியத்தில் சுகம்.

புயல் நம்மைத் தொட்டுக்கொண்டு மரக்காணம் பக்கம் போனதை ஃபோனில் சொன்னேன். நவம்பர் முப்பது சனிக்கிழமை அளவு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எந்தக் கிணற்றிலும் கயிறு தேவைப்பட்டிருக்காது. வாசலில் நின்றே முக்கியிருக்கலாம். ஐந்து நாள் கரண்ட் இல்லை. தொட்டியில் தண்ணீர் ஏற்ற முடியாததால், பத்தொன்பது வருஷத்தில் ஊரார் என்னைத் திட்டாமல் வானத்தைத் திட்டிய ஐந்து நாள் அவை. நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் ஏழாம் தேதி போனேன். தோப்புக்குள் கடல் வந்து போயிருக்கிறது. அங்கே 3150. துரை வேப்பங்குச்சிக்கு மாறிவிட்டார். சர்ச்சில் 980. ஆமை சுகம். பள்ளிக்கூடம் 700. ஏரிக்கரை 320, குடிக்கலாம் போல இருந்தது. ஜெகதீசன் நிலம் 841.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஸ்வெட்டரை எடுத்து வா. அம்மா உனக்காகக் கோழி ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறாள். அதற்கு இன்னும் தெரியாது.

உன் அப்பா
ஏசுபாதம்

*

செங்கல்பட்டு
4 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் நலம். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு விடுதியில் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். புயலுக்குப் பின்னால் எல்லாக் கிணறும் மாறியிருக்கிறது. கடலோரத்தில் ஏறியிருக்கிறது, உள்ளே மழையால் இறங்கியிருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் அசையவில்லை. நாலாவது! புயலுக்கு முன்னால் 840, பின்னால் 841. நான் தாளைப் பார்த்துவிட்டு மேடத்தின் அறைக்கு ஓடினேன். அவர் எல்லா வாரத்துத் தாள்களையும் வாங்கி மறுபடி பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்தக் கிணற்றைச் சுத்தி அடியில களிமண் அடுக்கு ஒன்னு மூடியிருக்கணும். மழையும் உள்ள போகல, கடலும் உள்ள போகல." அப்படி ஓர் அடுக்கு இந்தக் கரையில் இருக்கிறது என்று யாரும் இதுவரை எழுதியதில்லையாம். இருந்தால், உப்பு ஏறாத தண்ணீர் ஊருக்குப் பல வருஷத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

என் ஆராய்ச்சியின் தலைப்பையே மாற்றிவிட்டோம். இப்போது எல்லாமே நாலாம் கிணறுதான். ஆராய்ச்சி இடம் எனக்குத்தான் என்று மேடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் எந்த ஊர் மாநாட்டில் இதை வாசிக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அந்தக் கிணற்றைப் பார்க்கலாம் என்றேன். ஜெகதீசன் அண்ணன் ஊரில் இல்லை, கேட்டைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்றீர்கள். பார்த்திருக்கலாம். பொங்கலுக்கு வர முடியாது, கணினி வேலை இருக்கிறது.

அப்பா, இருபது வாரம் நீங்கள் இருட்டில் எழுந்து போனதுதான் இது. முகவுரையில் உங்கள் பெயரை முதலில் போடப் போகிறேன்.

மகள்
சிநேகா

*

ஓடைமேடு
28 ஜனவரி 2025

அன்பு மகள் சிநேகாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

பதில் தாமதமானதற்குக் காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பொங்கல் வந்தது, போனது. தொட்டியைக் கழுவி வெள்ளையடித்தோம். நான் அடித்த பக்கம் மட்டும் ஆகாயத்தில் மேகம் போலத் திட்டுத் திட்டாக இருக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் பார்த்துவிட்டு, அது ஏதாவது படமா என்று கேட்டார்.

கயிறு அறுந்துவிட்டதால் நாலாம் கிணற்றில் மூன்று வாரமாக அளவு எடுக்கவில்லை. மற்ற நாலும் தாளில் இருக்கிறது.

ஒன்று கேட்கலாமா என்று யோசித்தேன். விஷயம் தெரியாதவன் கேட்பது, சிரிக்காதே. ஐந்து கிணற்றில் ஒன்று இல்லாமல் இந்தப் படிப்பை முடிக்க முடியாதா? நாலே போதும் என்று சொல்லிவிட்டால் மேடம் கோபிப்பார்களா? சும்மாதான் கேட்டேன்.

முகவுரையில் என் பெயர் வேண்டாம். அம்மா பெயரைப் போடு. அவள்தான் காலையில் என்னை எழுப்பினாள்.

உன் அப்பா
ஏசுபாதம்

*

செங்கல்பட்டு
7 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமா?

நாலாம் கிணறு இல்லாமல் முடியாது அப்பா. இப்போது அது மட்டும்தான் ஆராய்ச்சி. கயிறு கடையில் கிடைக்கும் பொருள்தானே? மூன்று வாரம் விட்டிருக்கிறீர்களே! ஆனால் பரவாயில்லை. மார்ச் முதல் தேதி, சனிக்கிழமை, மேடமே வருகிறார். மண் அடுக்கைப் பார்க்கும் கருவியோடு கல்லூரி வண்டியில் வருகிறோம், நாங்கள் ஆறு பேர். ஜெகதீசன் அண்ணனிடம் சொல்லி வையுங்கள். மதியச் சாப்பாடு நம் வீட்டில் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். ரசம் கட்டாயம் வேண்டுமாம்.

உங்கள் கடிதம் ஏன் ஒரு மாதிரி இருந்தது? காலில் வலி அதிகமா?

சிநேகா

*

ஓடைமேடு
11 பிப்ரவரி 2025

சிநேகாவுக்கு,

இது ஃபைலுக்கு எழுதுவது அல்ல. அதனால் எல்லாரும் சுகம் என்பதோடு முகமன் முடிந்தது.

நாலாம் கிணற்றில் நான் ஒரே ஒரு தடவைதான் அளவெடுத்தேன். அந்த முதல் 840 உண்மை. அதற்குப் பின்னால் அனுப்பிய இருபது எண்ணும் நான் எழுதியது. ஒரு வாரம் இரண்டு கூட்டினேன், ஒரு வாரம் ஒன்று குறைத்தேன். களிமண் அடுக்கு எதுவும் எனக்குத் தெரியாது. புயலடித்தால் கிணற்று எண்ணும் மாற வேண்டும் என்கிற அறிவு எனக்கு இருந்திருந்தால் மாற்றி எழுதியிருப்பேன், உனக்கும் இவ்வளவு தொந்தரவு வந்திருக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது சனிக்கிழமை போனேன். சாரதாம்பாள் அம்மா கிணற்றுமேட்டில் செம்போடு நின்றிருந்தார்கள். நான் பாட்டிலை இறக்கப் போனேன்.

"இன்னாடா ஜெகதீசா அது? யாரு கவுறு?"

"காலேஜுக்கும்மா. சிநேகா பாப்பாவுக்கு. தண்ணில உப்பு பாக்கறாங்க."

"இது சாமிக்கு எடுக்கற கெணறு. அவன் கவுறு உள்ள போவக்கூடாது."

கோபமாகச் சொல்லவில்லை. அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்கள். ஜெகதீசன் என்னைக் கேட் வரைக்கும் கொண்டு வந்து விட்டான். "தப்பா நெனச்சிக்காத அண்ணாத்த. எனக்கு ஒன்னும் இல்ல. அம்மா பாத்துகினு கீது" என்றான். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். புது நைலான் கயிறு. கயிற்றைத்தான் ஏதோ குறை சொல்கிறார்கள் என்று வாய்க்கால் தாண்டும் வரைக்கும் நினைத்துக்கொண்டு நடந்தேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்.

அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதினால் மேடம் படிப்பார்கள், ஃபைலில் ஏறும். அது ஒன்று. இன்னொன்று, உனக்குச் சின்ன வயசிலிருந்து நான் சொல்லி வந்தது: இதெல்லாம் என் அப்பன் காலத்தோடு முடிந்தது, இப்போது ஒரே கடையில் டீ குடிக்கிறோம், நான் திறந்துவிடுகிற தண்ணீரில்தான் ஜெகதீசன் இருக்கிற அந்தத் தெருவே காப்பி போடுகிறது என்று. பெரும்பாலும் உண்மைதான். ஒரு கிணறு பாக்கி இருந்தது. அதை எண்ணால் மூடினேன்.

எண்ணை எழுதுவது எனக்குக் கஷ்டமாகவும் இல்லை. பஞ்சாயத்துக் குளோரின் பதிவேட்டில் அதிகாரி வருகிற அன்றைக்கு ஒரே மூச்சில் ஒரு மாசத்தை நிரப்புவேன். கட்டம் காலியாக இருந்தால்தான் திட்டு விழும், உள்ளே என்ன இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆராய்ச்சியும் அதுமாதிரி ஒன்று என்று நினைத்துவிட்டேன். எண்ணை ஒருத்தி உட்கார்ந்து படிப்பாள், படித்துவிட்டு ஓடுவாள் என்று தெரியாது.

மேடத்தைக் கூட்டி வராதே. என்ன செய்ய வேண்டுமோ செய்.

அப்பா

*

செங்கல்பட்டு
26 மார்ச் 2025

அப்பா,

நான் உடம்புக்கு நன்றாக இருக்கிறேன். இதுவும் ஃபைலுக்கு இல்லை. ஆறு வாரம் எழுதவில்லை, ஃபோனையும் அம்மாவோடு நிறுத்திக்கொண்டேன். உன் மேல் கோபம். எண்ணுக்காக என்று முதலில் நினைத்தேன். பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது. நான் ஏழாவது படிக்கும்போது அந்தத் தெருவில் கூடப் படித்த பிரேமா வீட்டுக்குப் போனால் எனக்கு மட்டும் பேப்பர் கப். உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாய் என்று நான் சொல்லவில்லை. நீ எனக்காக மறைத்தாய், நான் உனக்காக மறைத்தேன். இரண்டு பேரும் நல்லா நடிச்சிருக்கோம்.

உன் கடிதம் வந்த அன்றே மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "அந்த முதல் எண் உண்மைதானா?" என்று மட்டும் கேட்டார். மார்ச் பயணத்தை ரத்து செய்தார். பிறகு ஸ்காலர்ஸ் திட்டக் குழு கூடியது. இரண்டு வழி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் நாலு கிணற்றோடு இந்த ஏப்ரலில் சமர்ப்பிக்கலாம். திட்டத்தை முடித்ததாகும், ஆனால் ஆராய்ச்சி இடம் எங்கள் துறையின் இன்னொரு ஸ்காலர் பாலாவுக்குப் போகும். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். இடம் போய்விட்டது. அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

அட்டவணையில் நாலாம் கிணற்றுக்கு ஒரே எண்தான் இருக்கும். மீதிக் கட்டங்கள் காலி. காலிக் கட்டத்துக்குக் காரணம் எழுத வேண்டும். குழுவில் ஒருவர், "தொழில்நுட்பக் காரணம்னு போடும்மா, பிரச்சினை இல்ல" என்றார். எனக்கு அப்படிப் போட விருப்பமில்லை. "அளவெடுப்பவரின் கயிறு கிணற்றில் இறங்க அனுமதிக்கப்படவில்லை, இருபது அளவுகள் இட்டுக்கட்டப்பட்டவை என்று அவரே தெரிவித்ததால் நீக்கப்பட்டன" என்று எழுத வேண்டும். அளவெடுப்பவர் பெயரும் இருக்கும். அறிக்கையின் ஒரு பிரதி நம் பஞ்சாயத்துக்கு வரும்.

அந்தத் தெருவுக்குத் தினமும் காலையில் வால்வு திறக்கப் போவது நீ. நான் இங்கே இருப்பேன். அதனால் கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் தொழில்நுட்பக் காரணம் என்றே போட்டுவிடுகிறேன். ஏப்ரல் பதினைந்துக்குள் சொல்.

சிநேகா

*

ஓடைமேடு
6 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதியது. சுகம். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு மட்டும் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

அச்சில் வருவதை ஜெகதீசன் அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நேரில் போய்ச் சொன்னேன். பாவம், வேர்த்துவிட்டது.

"இன்னாத்துக்கு அண்ணாத்த இதெல்லாம் எழுதிகினு? ஊர் பேர் கெடும். ஒன்னு பண்ணு. திங்கக்கெழம அம்மா சிங்கப்பெருமாள் கோயில் போவுது. நீ வந்து கவுறு வுட்டு எடுத்துக்கோ. ரெண்டு தபா எடுத்துக்கோ. யாரும் பாக்க மாட்டாங்க."

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. எனக்கு எப்போதுமே குறுக்குவழி நன்றாகத் தெரியும். பிறகு, "வேணாம் ஜெகதீசா, அம்மா இருக்கறப்பவே கேக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம்.

நேற்று சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனேன். சாரதாம்பாள் அம்மா முருங்கை மரத்தடியில் இருந்தார்கள்.

"இன்னா ஏசுபாதம், நேத்து தெருக்கொழாய்ல தண்ணி எட்டு மணிக்கு வுட்ற? கால நேரம் இல்ல?"

"மோட்டார் ரிப்பேரும்மா. அம்மா, கெணத்துல அளவெடுக்கணும். கவுறு வுடட்டுமா?"

என்னை விட்டுவிட்டுக் கிணற்றைப் பார்த்தார்கள். "அதான் அப்பவே சொன்னேனே. சாமி கெணறு" என்றார்கள். பிறகு, "சிநேகா எப்ப வருது? அதுக்கு முருங்கக்கா புடிக்குமே" என்று மரத்திலிருந்து ஏழெட்டுக் காய் பறித்து, துண்டை விரிக்கச் சொல்லிப் போட்டார்கள். மேலேயிருந்து போட்டார்கள். வாங்கிக்கொண்டேன். அதில் எனக்கு ரோஷம் வரவில்லை. சாம்பார் நன்றாகவே இருந்தது.

தாள் இணைத்திருக்கிறேன். நாலாவது கட்டத்தில், '5.4.2025, காலை 6.10, கேட்டேன், அனுமதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீ நினைத்தபடியே எழுது. பெயரை முழுசாகப் போடு: மாசிலாமணி ஏசுபாதம். வால்வு என் கையில்தான் இருக்கிறது. யாருக்கும் தண்ணீர் நிற்காது. திட்டினால் திட்டட்டும், அதற்குப் பழக்கம் உண்டு.

உன் ஆராய்ச்சி இடத்துக்கு நான் என்ன சொல்வது என்று நாலு நாளாக யோசித்தேன். ஒன்றும் இல்லை. வேடிக்கையாக எழுதவும் வரவில்லை.

உன் அப்பா
ஏசுபாதம்

*

செங்கல்பட்டு
9 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம் என்று நம்புகிறேன். இது ஃபைலில் சேரும் கடைசிக் கடிதம். விதிப்படி, என்ன செய்து முடித்தேன் என்று எழுத வேண்டும்.

நேற்று வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். நாலு கிணற்றைப் பற்றியும் விவரமாகக் கேட்டார். உப்பு பள்ளிக்கூடம் வரை வந்திருக்கிறது, அது உறுதி என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார். பிறகு அட்டவணையைத் திருப்பினார். உங்கள் பெயரையும் அதன் கீழே இருந்த வரியையும் படித்தார். பிரபா மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாவது கிணற்றில் இப்போது இருப்பது நல்ல தண்ணீரா, உப்பா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"தெரிஞ்சுக்க என்ன வேணும்? இன்னும் ஒரு வருஷமா? வேற கருவியா?"

"கயிறு விட அனுமதிச்சா, ஒரு நிமிஷம் போதும் சார்."

அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, அறிக்கையை என்னிடமே கொடுத்தார். முடித்துவிட்டேன் அப்பா.

அன்பு மகள்
சிநேகா ஏசுபாதம்